மரம் போயிற்று; சொல் நின்றது: ‘பில்லரி’ என்னும் ஆங்கில வினையின் வரலாறு

ஒருவரைப் பலரறியக் கடிந்து பேசுவதைக் குறிக்க ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் பல உண்டு. அவற்றின் வேரைத் தோண்டிப் பார்த்தால், நாவின் தொழிலைக் காட்டிலும் கையின் தொழிலே அங்கு மிகுதியாகத் தென்படும். செய்தித்தாளில் நாள்தோறும் நாம் படிக்கும் ‘சாடினார்’ என்னும் சொல், மோதுதல், அடித்தல் என்னும் பொருளுடையது. ‘விளாசினார்’ என்பது பிரம்பின் வேலை. மதிப்புடைய சொல்லாக நாம் கருதும் ‘கண்டித்தார்’ என்பதுங்கூட, வெட்டுதல், துண்டித்தல் என்னும் பொருளில் வடமொழியில் வழங்கிய அடியிலிருந்து வந்ததே.

ஆங்கிலத்திலும் இஃது இவ்வாறே. ‘லாம்பேஸ்ட்’ என்னும் வினையின் இரு பகுதிகளும் அடித்தலையே குறிப்பன. ‘ஃபிளே’ என்பது தோலை உரித்தல். ‘எக்ஸ்கோரியேட்’ என்பதும், தோல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து, அதே தொழிலைக் கற்றார் நடையில் கூறுவது. ஆங்கில நாளேடுகளில் இச்சொற்கள் நாள் தவறாமல் வருகின்றன. படிப்போர் எவரும் உரிந்த தோலை நினைப்பதில்லை.

இக்கூட்டத்தில் ‘பில்லரி’ என்னும் வினைக்குத் தனியிடம் உண்டு. அடிப்பதும் உரிப்பதும் எங்கும் எவரும் செய்யக்கூடியவை. அவற்றுக்குப் பிறந்த நாளும் இறந்த நாளும் இல்லை. பில்லரியோ சட்டத்தால் நாட்டப்பெற்ற ஒரு மரக்கருவி. அஃது எந்தச் சந்தையில் நின்றது, எவர் கழுத்தைப் பிடித்தது, எந்த ஆண்டில் அகற்றப்பெற்றது என்பனவற்றுக்கெல்லாம் பதிவு உண்டு. ஆதலின் இவ்வொரு சொல்லுக்கு முழுமையான வரலாறு எழுத இயலும். அவ்வரலாறு, கடிந்து பேசும் எவரும், குறிப்பாகப் பேசவும் எழுதவும் கற்பிக்கும் ஆசிரியர்கள், அறிந்திருக்க வேண்டியதொன்று.

கருவியின் அமைப்பு

ஒரு மேடை, அதன் நடுவே ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில், திறந்து மூடத்தக்க இரண்டு பலகைகள். பலகைகள் சேருமிடத்தில் மூன்று துளைகள்: நடுத்துளை கழுத்துக்கு, பக்கத்துளைகள் இரண்டும் மணிக்கட்டுகளுக்கு. குற்றவாளியை நிற்கவைத்து, தலையையும் கைகளையும் துளைகளில் பொருத்திப் பலகையை மூடிவிட்டால், அவன் முகத்தைத் திருப்பவும் முடியாது. எறியப்படும் பொருளைக் கையால் தடுக்கவும் முடியாது. சந்தை கூடும் இடத்தில், மக்கள் திரளும் பொழுதில், பெரும்பாலும் ஒரு மணிநேரம் அவ்வாறு நிறுத்துவர்.

தமிழில் ‘தொழு’, ‘தொழுமரம்’ என்னும் சொற்கள் உள்ளன. தமிழ் விவிலியத்தில், பவுலும் சீலாவும் பிலிப்பி நகரச் சிறையில் அடைபட்ட செய்தி கூறும் இடத்தில் தொழுமரம் வருவதைப் பலரும் படித்திருப்பர். ஆயின் அது காலை மாட்டும் கருவி; குற்றவாளி உட்கார்ந்திருப்பான். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்டாக்ஸ்’ என்று வேறு பெயருண்டு. கழுத்தை மாட்டி நிற்கவைக்கும் பில்லரியை அதினின்றும் வேறுபடுத்த வேண்டுவதால், ‘கழுத்துத்தொழு’ என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

அப்பக்காரர் முதல் நூலாசிரியர் வரை

இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1266 ஆம் ஆண்டினதாக வழங்கும் சட்டம் ஒன்று ரொட்டியின் நிறையையும் மதுவின் விலையையும் வரையறுத்தது. எடை குறைத்து ரொட்டி விற்றவர் மீண்டும் மீண்டும் பிடிபட்டால் கழுத்துத்தொழுவில் நிற்க வேண்டும். இதில் ஒரு நியாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஏமாற்றப்பட்டோர் ஊர்மக்கள், ஏமாற்றியவன் முகத்தை அவர்கள் அறிந்துகொள்வது அடுத்த முறை ஏமாறாதிருக்க உதவும். பொய்ச்சாட்சி சொன்னவர், கள்ளப் பத்திரம் எழுதியவர், மோசடி செய்தவர் ஆகியோருக்கும் இத்தண்டனை விதிக்கப்பட்டது.

நிற்க. அச்சுப்பொறி வந்தபின் அரசுக்கு வேறொரு வகைக் குற்றவாளி கிடைத்தான். அவன்தான் நூலாசிரியன். எடை குறைத்த அப்பக்காரன் நின்ற அதே மேடையில், அரசையும் திருச்சபையையும் குறைகூறி எழுதியவனை நிறுத்தத் தொடங்கினர். கடுமையாகக் குறைகூறியவனுக்குத் தண்டனையாக இருந்த கருவியின் பெயரே, பிற்காலத்தில் கடுமையாகக் குறைகூறுதலைக் குறிக்கும் வினையாயிற்று என்பது மொழி செய்த வேடிக்கை.

மலர் தூவிய கூட்டம்

வில்லியம் பிரின் என்பவர் ஒரு வழக்கறிஞர். சமயத்தூய்மை வேண்டிய பியூரிட்டன் கொள்கையர். நாடகங்களைப் பழித்து அவர் எழுதிய பெருநூல், நாடகத்தில் ஈடுபாடு கொண்ட அரசியையே தாக்குவதாகக் கருதப்பட்டது. ஸ்டார் சேம்பர் என்னும் நீதிமன்றம் 1634 இல் அவரைக் கழுத்துத்தொழுவில் நிறுத்திக் காதுகளின் ஒரு பகுதியை அறுக்கச் செய்தது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1637 இல் மீண்டும் தீர்ப்பு வந்தது. இம்முறை ஹென்றி பர்ட்டன் என்னும் சமயகுரவரும், ஜான் பாஸ்ட்விக் என்னும் மருத்துவரும் அவருடன் நின்றனர். மூவர் காதும் அறுபட்டன. பிரின் கன்னங்களில், அவதூறாளர் என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டன.

அரசு எதிர்பார்த்தது மக்களின் ஏளனம். கிடைத்ததோ இரக்கம். சட்டம், சமயம், மருத்துவம் ஆகிய மூன்று மதிப்புமிக்க தொழில்களைச் சார்ந்த மூவரை, திருடரைப்போல் நிறுத்தியதைக் கண்டு கூட்டம் கண்ணீர் விட்டது. அவர்கள் வரும் வழியில் பூவும் தழையும் தூவியது. 1638 இல் ஜான் லில்பர்ன் என்னும் இளைஞரைச் சாட்டையால் அடித்துக்கொண்டே தெருவழியே இழுத்துவந்து மேடையேற்றினர். அவர் தொழுவில் நின்றபடியே சொற்பொழிவாற்றினார். மறைத்து வைத்திருந்த துண்டு நூல்களைக் கூட்டத்தின்மேல் வீசினார். இறுதியில் அவர் வாயைக் கட்ட வேண்டியதாயிற்று.

1640 இல் பிரின் விடுதலையாகி இலண்டனுக்குத் திரும்பியபோது மக்கள் திரண்டு வரவேற்றனர். 1641 இல் ஸ்டார் சேம்பரே ஒழிக்கப்பட்டது. இங்கு இன்னொரு செய்தியையும் மறைத்தலாகாது. பிரின் துன்புறக் காரணமானவர் எனப்பட்ட தலைமைப் பேராயர் வில்லியம் லாட் பின்னர்க் குற்றம் சாட்டப்பட்டபோது, அவ்வழக்கை முன்னின்று நடத்தியவர் அதே பிரின்தான். லாட் 1645 இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். அவமானம் பட்டவன் அவமானத்தின் கொடுமையை அறிந்து பிறருக்கு அதைச் செய்யாதிருப்பான் என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு அதற்கு உறுதி கூறவில்லை.

‘ராபின்சன் குரூசோ’ கதையை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1719 இல் அதை எழுதிய டேனியல் டிஃபோ, அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பு கழுத்துத்தொழுவில் நின்றவர். திருச்சபைக்கு உடன்படாதோரை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று தீவிரவாதிகள் பேசிவந்ததை, அவர்கள் குரலிலேயே எழுதி எள்ளி நகையாடிய சிறுநூலை 1702 இறுதியில் அவர் வெளியிட்டார். முதலில் அதை மெய்யென நம்பிப் பாராட்டியோர், எள்ளல் என அறிந்ததும் சினந்தனர். 1703 ஜூலை 29, 30, 31 ஆகிய மூன்று நாள்கள், இலண்டன் மாநகரில் கார்ன்ஹில், சீப்சைடு, டெம்பிள் பார் ஆகிய மூன்று இடங்களில் அவர் நின்றார். அக்கருவியையே விளித்து அவர் இயற்றிய ‘பில்லரிக்கு ஒரு துதி’ என்னும் பாட்டு அப்போதே விற்பனைக்கு வந்தது. கூட்டம் கல்லுக்குப் பதில் மலரை எறிந்தது என்பது வழிவழியாக வழங்கும் செய்தி.

1765 இல் ஜான் வில்லியம்ஸ் என்னும் நூல் வணிகர், அரசைக் குறைகூறிய ‘நார்த் பிரிட்டன்’ ஏட்டின் 45 ஆம் இதழை மீண்டும் அச்சிட்டமைக்காக மேடையேறினார். கூட்டம் ஆர்ப்பரித்து, அங்கேயே அவருக்காக ஏறத்தாழ 200 பவுன் பணம் திரட்டிக் கொடுத்தது. 1812 இல் தாமஸ் பெயினின் நூலை வெளியிட்ட முதியவர் டேனியல் ஐசக் ஈட்டன் நின்றபோதும் வாழ்த்தொலியே எழுந்தது.

கல்லெறிந்த கூட்டம்

இவ்வளவில் நிறுத்தினால், மக்கள் கூட்டம் என்றும் நேர்மையின் பக்கமே நிற்கும் என்னும் இனிய முடிவுக்கு வந்துவிடுவோம். மறுபக்கத்தையும் காண்போம்.

டைட்டஸ் ஓட்ஸ் என்பவன், கத்தோலிக்கர் அரசனைக் கொல்லச் சதி செய்கின்றனர் என்று பொய் புனைந்து, குற்றமற்றோர் பலர் தூக்கிலிடப்படக் காரணமானவன். அவன் பொய் வெளிப்பட்டு 1685 இல் நிறுத்தப்பட்டபோது மக்கள் முட்டையும் அழுகற்பொருளும் எறிந்தனர். அவன்மேல் எவருக்கும் இரக்கம் பிறப்பதற்கில்லை. எனினும் அவன் உயிர் தப்பினான்.

ஜான் வாலர் தப்பவில்லை. வழிப்பறிக்காரரைப் பிடித்துக் கொடுப்போர்க்கு அக்காலத்தில் அரசு 40 பவுன் பரிசு வழங்கியது. அப்பரிசுக்காக அவன் பொய்க்குற்றம் சாட்டுவதைத் தொழிலாகக் கொண்டிருந்தான். 1732 இல் இலண்டன் செவன் டயல்ஸ் என்னுமிடத்தில் நிறுத்தப்பட்ட அவனைக் கூட்டம் கீழே இழுத்து அடித்தே கொன்றது. அக்கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டோருள் ஒருவன், வாலரின் சாட்சியால் முன்பு தூக்கிலிடப்பட்டவனின் உடன்பிறந்தான். 1756 இல் ஸ்மித்பீல்டு சந்தையில், இதே தொழில் செய்த ஈகன் என்பவன் கல்லடியால் இறந்தான்.

இவ்விருவருக்கும் நீதிமன்றம் விதித்தது மரண தண்டனை அன்று. சில நாள்கள், நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் நிற்பது. தண்டனையின் பெயரை மட்டும் நீதிபதி சொன்னார். அதன் அளவைத் தீர்மானித்தது தெரு. ஒரே தீர்ப்பு டிஃபோவுக்கு மலராயிற்று, வாலருக்கு மரணமாயிற்று. கழுத்துத்தொழுவின் அடிப்படைக் குறை இதுவே. நிற்பவன் நல்லவனா தீயவனா என்பதைப் பொறுத்ததன்று அக்குறை.

பர்க் எழுப்பிய குரல்

1780 இல், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் சதர்க் பகுதியில் இருவர் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர் குள்ளமானவர். பலகையின் உயரத்துக்கு அவர் கழுத்து எட்டவில்லை. ஏறத்தாழத் தொங்கிய நிலையில் கல்லடியும் பட்டு அவர் இறந்தார். எட்மண்ட் பர்க் இதனை நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்து, அவமானத்துக்கென விதித்த தண்டனை கொலையாக முடியுமாயின் அதை ஒழிக்க வேண்டும் என்று வேண்டினார். இறந்தவர் மேல் சாட்டப்பட்டிருந்தது, ஆணுடன் ஆண் உறவு என்னும், அன்றைய சமூகம் வாயால் சொல்லவும் கூசிய குற்றம். அத்தகையவருக்காகப் பரிந்து பேசியமைக்காகச் செய்தித்தாள்கள் பர்க்கின் ஒழுக்கத்தையே ஐயுற்று எழுதின. அவர் வழக்குத் தொடுத்துத் தம் பெயரைக் காக்க வேண்டியதாயிற்று. மரத்தொழுவுக்கு எதிராகப் பேசியவரைத் தாள்தொழுவில் மாட்டினர் எனலாம்.

சீர்திருத்தம் மெல்லவே வந்தது. 1814 இல் புகழ்பெற்ற கடற்படைத் தலைவர் காக்ரேனுக்குப் பங்குச்சந்தை மோசடி வழக்கில் இத்தண்டனை விதிக்கப்பட்டபோது, நாடெங்கும் எழுந்த எதிர்ப்பைக் கண்டு அரசு அப்பகுதியைத் தள்ளுபடி செய்தது. 1816 இல், பொய்ச்சாட்சியோடு தொடர்புடைய குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தனர். 1830 இல் பீட்டர் ஜேம்ஸ் பாஸி என்பவர் இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் முன் ஒரு மணிநேரம் நின்றார். இலண்டனில் கடைசியாக நின்றவர் அவரே. 1837 இல் இத்தண்டனை சட்டத்தால் ஒழிந்தது. பிரினுக்குக் கன்னத்தில் சூடிட்டு அப்போது சரியாக 200 ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1905 வரை அது நீடித்தது.

வினையாகி வாழ்தல்

கருவி ஒழிவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னதாகவே, 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில், இச்சொல் உருவகப் பொருள் பெற்றுவிட்டது. ஒருவரைப் பலர் ஏளனத்துக்கும் பழிப்புக்கும் உள்ளாக்குவதை ‘பில்லரி செய்தல்’ என்று ஆங்கிலேயர் எழுதத் தொடங்கினர். மரம் போனபின் அப்பொருள் ஒன்றே எஞ்சியது.

மரத்துக்கும் சொல்லுக்கும் இடையே இரண்டு வேறுபாடுகளை ஆசிரியர்கள் கருதிப் பார்க்க வேண்டும். முதலாவது, மரத்தொழுவில் ஒருவனை மாட்டுமுன் ஒரு வழக்கு நடந்தது. முறை தவறிய வழக்காக இருந்திருக்கலாம். ஆயினும் குற்றச்சாட்டு இன்னதென்று கூறப்பட்டது, அவனும் மறுமொழி கூற இடமிருந்தது. சொல்தொழுவில் வழக்கு இல்லை, மாட்டுபவனே நீதிபதி. இரண்டாவது, மரத்தொழுவுக்கு ஒரு மணிநேரம் என்னும் வரம்பு இருந்தது. மணி அடித்ததும் பலகையைத் திறந்தனர். அச்சில் ஏறிய சொல்லுக்கு அவ்வரம்பு இல்லை. இன்று கைப்பேசி வழியே ஊர் ஊராகப் பரவும் வசைக்கோ, கேட்க வேண்டுவதே இல்லை. பலகையைத் திறக்கும் ஆள் யாரென்றே தெரியாது.

தமிழில் எங்ஙனம் வழங்குவது?

நம் மொழியிலும் இதற்கு உறவான வழக்குகள் உண்டு. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுதல் என்பது பழைய ஊர்த்தண்டனையின் நினைவு. ‘சந்தி சிரிக்கிறது’ என்பதோ இன்னும் நுட்பமானது. நான்கு தெரு கூடுமிடம் சிரிக்கிறது என்னும்போது, நிற்பவனைவிடப் பார்ப்போரே நம் கண்முன் வருகின்றனர். கழுத்துத்தொழுவின் உட்பொருளும் அதுவேயாதலால், ஆங்கிலச் செய்தியில் ‘பில்லரி’ என்னும் வினை வருமிடத்தில் ‘சந்தியில் நிறுத்தினர்’ என்று பெயர்ப்பது மிகப் பொருந்தும்.

மேல்வகுப்பு மாணவர் கட்டுரை எழுதும்போது எல்லா இடத்தும் ‘சாடினார்’ என்றே எழுதிவிடுகின்றனர். அவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கலாம். குற்றம் இன்னதென்று காட்டிக் கூறினால் ‘கண்டித்தார்’. காரணத்தைவிட வேகம் மிகுந்திருந்தால் ‘சாடினார்’. பிறர் நகைக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு வெளிப்படுத்தினால் ‘சந்தியில் நிறுத்தினார்’. நூலின் குறையை எடுத்துரைப்பதாயின் ‘குறைகூறினார்’ என்பதே போதும். தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுத்தார். வசையிலும் வகை காண வேண்டும் என்பது நம் இலக்கணத்துக்குப் புதிதன்று.

திருவள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என்னும் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒறுத்தலுக்குரிய நெறியை வகுக்கிறார். ஆராய்தல், மீண்டும் நிகழாமை நோக்குதல், குற்றத்துக்கு ஒத்த அளவு ஆகிய மூன்றும் அதில் அடங்கும். கழுத்துத்தொழு மூன்றாவதில் தவறியது. சொல்தொழு பெரும்பாலும் மூன்றிலும் தவறுகிறது.

நம் வகுப்பறையில்

இதனை ஆங்கிலேயர் கதை என்று மட்டும் ஒதுக்குதற்கில்லை. பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு தோட்டப் பள்ளியில், நேரந்தவறி வரும் பிள்ளையின் கழுத்தில் ‘நான் சோம்பேறி’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுச் சபைகூடலில் நிறுத்தும் வழக்கத்தைக் கண்டிருக்கிறேன். அவ்வாறு நின்ற சிறுவன் ஒருவன், தாயும் தந்தையும் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விட, தம்பி தங்கையரைக் குளிப்பாட்டி உணவூட்டிவிட்டு வருபவன். அதை எவரும் கேட்கவில்லை. சில பிள்ளைகள் சிரித்தனர். சிலர் தலை குனிந்தனர். அவன் மறுநாள் நேரத்தோடு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கே வரவில்லை.

வாலரைக் கொன்ற கூட்டத்துக்கும் அச்சபைகூடலுக்கும் தொலைவு மிகுதிதான். ஆனால் அமைப்பு ஒன்றே. பெரியவர் ஒருவர் தண்டனையின் பெயரைச் சொல்கிறார். அதன் அளவைப் பார்த்துநிற்போரிடம் விட்டுவிடுகிறார். பிள்ளையைத் தனியே அழைத்துக் காரணம் கேட்டு, கடிந்துகொள்ள வேண்டுமாயின் அங்கேயே கடிந்துகொள்ளும் ஆசிரியர், தண்டனையின் அளவைத் தம் கையிலேயே வைத்திருக்கிறார்.

ஆதலின் இச்சொல்லை வகுப்பில் விளக்க நேரும்போது, அகராதிப் பொருளோடு நிறுத்தாது, கரும்பலகையில் அம்மரத்தையும் வரைந்து காட்டுவது நன்று. கழுத்துக்கு ஒரு துளை, கைக்கு இரு துளை, எதிரே ஒரு கூட்டம். டிஃபோவும் வாலரும் நின்றது அந்த ஒரே பலகையில்தான் என்று சொல்லிவிட்டால், எவரையேனும் அங்கு நிறுத்தி எழுதுமுன் மாணவர் சற்றே எண்ணிப் பார்ப்பர்.